கையெழுத்து இல்லாத நாற்காலி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கட்டடம் எங்கே முடிகிறது, மரச்சாமான் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கஷ்டம். பத்தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் பலகை அறை அது. அடுக்கடுக்காகக் கழற்றி மாட்டலாம். மேலே நெல்லைக் கொட்டி, அடியில் இருக்கும் சின்னக் கதவு வழியாக அள்ளலாம். அதை வைத்த பிறகு அந்தக் கூடத்தில் யார் எப்படி நடமாடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஊஞ்சலும் அப்படித்தான். உத்தரத்தில் வளையம் மாட்டும்போதே காற்று எந்தப் பக்கமிருந்து வரும், முற்றத்து வெயில் எதுவரை ஏறும் என்பதெல்லாம் தச்சரின் கணக்கில் வந்துவிடும். வீட்டையும் சாமானையும் ஒரே கை செய்த காலத்தின் மிச்சங்கள் இவை.

பிரிந்துபோன அந்த இரண்டு வேலைகளையும் மறுபடி ஒரே கையில் சேர்க்கப் பார்த்த கட்டடக் கலைஞர்கள் இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் தோன்றினார்கள். இத்தாலியின் ஜியோ பொன்ட்டி அவர்களில் முக்கியமானவர். மிலான் நகரத்தில் பிரெல்லி கோபுரத்தை எழுப்பிய அதே மனிதர், கியாவரி என்ற கடலோர ஊரில் பரம்பரையாகச் செய்துவந்த மெல்லிய நாற்காலியை எடுத்து இழைத்து இழைத்து, 1957-இல் 1.7 கிலோ எடையில் சூப்பர்லெஜெரா என்ற நாற்காலியாக்கினார். நம் மண்ணில் கால் வைத்து வேலை செய்தவர் என்று பார்த்தால் இந்த வரிசையில் ஜார்ஜ் நகாஷிமாவைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். 1937 முதல் 1939 வரை புதுச்சேரியில் இருந்தார். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் சில மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊர். காரைக்காலும் புதுச்சேரியும் அன்று ஒரே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. ஆகவே அவரை டெல்டாவிலிருந்து அளந்து பார்ப்பதில் தவறு இல்லை.

அவருடைய வாழ்க்கையை வழக்கமாக ஒரு யாத்திரையாகச் சொல்வார்கள். புதுச்சேரி அவருக்கு ஆன்மிகம் தந்தது. போர்க்காலத் தடுப்பு முகாம் தச்சுக்கலை தந்தது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் இரண்டும் கனிந்து, மரத்தின் ஆன்மாவைக் கண்ட மேதை பிறந்தார். இந்தக் கதையில் புதுச்சேரி வெறும் முன்னுரை. பட்டை ஓரத்தோடு கிடக்கும் பிரம்மாண்டமான வால்நட் மேசைகளே நூலின் உடல். இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. நகாஷிமா கை வைத்த வேலைகளில் மிகச் சிறந்தது அந்த முன்னுரைதான். காரணங்களைச் சொல்கிறேன்.

வாழ்க்கை விவரம் சுருக்கமாக. 1905-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல், பிறகு கட்டடக் கலை. எம்.ஐ.டி-யில் மேற்படிப்பு. பாரிஸில் கொஞ்ச காலம். 1934-இல் தோக்கியோவில் ஆன்டனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். ரேமண்ட் செக் நாட்டில் பிறந்தவர். இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு ஜப்பானுக்கு வந்து அங்கேயே தங்கியவர். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்த பவித்ரா என்ற பிரெஞ்சுக்காரர் ஜப்பானிலேயே ரேமண்டை அறிந்திருந்தார். சாதகர்கள் தங்க ஒரு விடுதி வேண்டும் என்று ஸ்ரீ அன்னை முடிவு செய்தபோது அந்தப் பழக்கம் வழி திறந்தது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமின் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வந்தது. அதனால்தான் கட்டடத்துக்குக் கோல்கொண்ட் என்று பெயர். வேலையைப் பார்க்க ரேமண்ட் அனுப்பிய ஆள் நகாஷிமா. வந்தவர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமவாசியாகவே சேர்ந்துவிட்டார். சுந்தரானந்தா என்று பெயரும் பெற்றார்.

கோல்கொண்டை முதலில் வெயில், காற்று, மழை என்ற மூன்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சோழ மண்டலக் கடற்கரையில் வீடு கட்டுகிறவனுக்குத் தலைவலி வெயில் மட்டும் இல்லை. சித்திரையில் காற்றில்லாத புழுக்கம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சாரலோடு அடிக்கும் வடகிழக்குப் பருவமழை. ஜன்னலைத் திறந்தால் மழை உள்ளே வரும், மூடினால் மூச்சு முட்டும். கோல்கொண்டில் ஜன்னலே கிடையாது. வடக்கு முகமும் தெற்கு முகமும் முழுக்க முழுக்கத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பட்டைகள்தான். ஒரு கோணத்தில் வைத்தால் வெளிச்சம் வரும், வெயில் வராது. இன்னொரு கோணத்தில் மழை நிற்கும், காற்று நிற்காது. ஒரு பக்கம் நடைபாதை, அதை ஒட்டி ஒற்றை வரிசையில் அறைகள். அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டுக் கோத்த தள்ளுகதவு. அந்தரங்கம் காக்கப்படுகிறது, காற்று குறுக்கே ஓடுகிறது. கூரையில் வளைந்த கான்கிரீட் வில்லைகள். அவற்றுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று இடைவெளி. மின்விசிறிக்குக் கடன்படாத கட்டடம். இந்தியாவில் கான்கிரீட்டை இத்தனை கட்டுப்பாட்டோடு, இத்தனை ஒளிவுமறைவின்றி 1930-களிலேயே கையாண்டவர்கள் வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. லெ கொர்புசியே சண்டிகருக்கு வந்தது 1951-இல்.

ஒரு நியாயமான கேள்வியை இங்கே தாண்ட முடியாது. கோல்கொண்ட் யாருடையது? மூல வடிவமைப்பு ரேமண்டுடையது. அவரே 1938-இல் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் தங்கினார். நகாஷிமா போன பிறகு வேலையைத் தொடர்ந்து முடித்தவர் ஃபிரான்டிஷெக் சாமர் என்ற இன்னொரு செக் கட்டடக் கலைஞர். கொர்புசியேவிடம் வேலை பார்த்தவர். போர் வந்து பொருள் வரத்து தடைப்பட்டு, 1940-களில்தான் கட்டடம் முழுமை பெற்றது. ஆக நகாஷிமாவின் தனிப் படைப்பு என்று இதை எழுதுவது பொய். அவர் செய்தது நடுவேலை: வரைபடத்தைத் தரைக்குக் கொண்டுவருவது, மாதிரி அறை ஒன்றைக் கட்டிப் பார்த்துத் திருத்துவது, கான்கிரீட்டையே தொட்டிராத சாதகர்களுக்கு அதைக் கற்பிப்பது, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி எங்கே விடுவது என்று முடிவு செய்வது. கதவுப் பிடிகளும் கொண்டிகளும் வார்க்க ஆசிரமத்தார் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கினார்கள். ஒரு கட்டடத்தின் தரம் இந்த நடுவேலையில்தான் பிழைக்கும், அல்லது சாகும். கும்பகோணத்தில் நல்ல வரைபடத்தோடு தொடங்கி மோசமாக முடிந்த கல்யாண மண்டபங்களை எண்ணிப் பார்க்கிற யாருக்கும் இது தெரியும்.

கோல்கொண்டின் மரச்சாமான்களை நகாஷிமாவின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கட்டில், மேசை, நாற்காலி. எல்லாம் தேக்கு. எல்லா அறையிலும் ஏறக்குறைய அதே அளவு. நேர்க்கோட்டு விளிம்புகள், மெல்லிய கால்கள், ஓர் ஆள் ஒரு கையால் தூக்கி நகர்த்தக்கூடிய எடை. தன்னைப் பார் என்று எதுவும் கூப்பிடுவதில்லை. பட்டைக் கதவின் கோடும் மேசை விளிம்பின் கோடும் ஒன்றையொன்று தொடர்கின்றன. தரையின் பளபளத்த கறுப்புக் கல்லில் நாற்காலிக் காலின் நிழல் விழுவதுகூடக் கட்டடத்தின் பகுதியாகவே இருக்கிறது. பத்தாயத்தைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும்: அறையை எடுத்துவிட்டால் சாமானுக்குப் பாதி அர்த்தம் போய்விடும், சாமானை எடுத்துவிட்டால் அறைக்கும். எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் அங்கே ஆள் தங்குகிறார்கள். அருங்காட்சியகமாக மாறாமல் புழக்கத்தில் இருப்பதே ஒரு சான்று.

இனி நியூ ஹோப். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களில் அடைத்தபோது நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோவின் மினிடோகாவுக்குப் போனார்கள். அங்கே கென்டரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் கைக்கருவிகளின் நுட்பத்தைக் கற்றார். 1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே எடுத்து, நியூ ஹோப்பில் தன் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். அங்கிருந்து பட்டறை வளர்ந்தது. பெரிய மரங்களை முழுசாக வாங்கி, அறுக்கும்போது பக்கத்தில் நின்று, பலகைகளை மரத்தில் இருந்த வரிசையிலேயே அடுக்கி உலரவைத்தார். வெடிப்பையும் கணுவையும் மறைக்காமல், வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைப் பதித்து நிறுத்தினார். பட்டை உரித்த இயற்கை ஓரத்தை அப்படியே விட்டார். 1981-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே ஒரு மரத்தின் ஆன்மா என்பதுதான்.

இந்த மேசைகளின் அழகை மறுப்பது முட்டாள்தனம். வியாபாரிகள் கழித்துப் போட்ட மரத்தில் அவர் கண்ட சாத்தியம் உண்மையானது. ஆனால் அழகு ஒன்று, அதற்குச் சொல்லப்படும் காரணம் வேறொன்று. மரத்துக்கு மதிப்பு கொடுப்பது என்றால் அதன் ஓரத்தை விட்டுவைப்பது என்று யார் சொன்னது?

டெல்டாவின் ஊஞ்சல் பலகையும் ஒரே பலகைதான். பர்மா தேக்கில் ஆறடிக்கும் மேலான பலகைகளைப் பழைய மிராசுதார் வீடுகளில் இன்றும் பார்க்கலாம். எந்த ஆசாரியும் அதில் ஓரத்தை விட்டுவைக்கவில்லை. விட்டுவைக்கத் தெரியாமல் இல்லை. மரத்தின் வைரம் மட்டுமே நம் ஈரத்தில் நிற்கும். வெளிப்புற வெள்ளைப் பகுதியை விட்டால் சில வருஷங்களில் உளுத்து மாவாகக் கொட்டும். அந்த வெள்ளையைச் செதுக்கி எறிவதுதான் இங்கே மரத்துக்குச் செய்யும் மரியாதை, ஏனென்றால் மிச்சம் நாலு தலைமுறைக்கு நிற்கும். நகாஷிமாவின் மேசையில் கண்ணைப் பறிக்கும் அந்த வெளிர்நிற ஓரம், வால்நட் மரத்தின் வெள்ளைதான். குளிர்காலத்தில் சூடேற்றிய, உலர்ந்த பென்சில்வேனியா வீட்டில் அது பிழைக்கும். புதுச்சேரியில் இருந்தபோது அவர் செய்த தேக்குச் சாமான்களில் அந்த ஓரம் இல்லை என்பது தற்செயல் இல்லை. தட்பவெப்பத்தைக் கட்டடத்தின் முதல் விதியாக ஏற்ற மனிதர், பிற்காலத்தில் ஒரு குறிப்பிட்ட தட்பவெப்பத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அழகை, அதுவே மரத்தின் பொதுவான உண்மை என்பதுபோல் எழுதினார். குறை அந்த மேசைகளில் இல்லை. அவற்றைப் பற்றிய தத்துவத்தில் இருக்கிறது.

தஞ்சாவூர் வீணையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முற்றிய பலாவின் அடிமரத்தைத் தேர்ந்து, உலரவைத்து, குடத்தின் உள்ளே குடைந்துகொண்டே போவார்கள். ஏகாண்ட வீணை என்றால் குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே மரத்திலிருந்து வர வேண்டும். சுவர் கனமாக இருந்தால் நாதம் மந்தமாகும், மெலிந்தால் அதிரும். அந்த மரத்தின் இரண்டாவது வாழ்வு ஒலியில் இருக்கிறது. கண்ணுக்குக் காட்டுவதற்கு அதில் பலாவின் முகம் பெரிதாக மிச்சமில்லை. வீணை செய்கிறவர் மரத்தைக் கேட்கிறார், நகாஷிமா பார்க்கிறார். இரண்டும் மதிப்புதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்வை மட்டுமே அளவுகோலாகும்போது பொருள் மெல்ல மெல்லக் காட்சிப்பொருளாகிவிடுகிறது. அவருடைய பெரிய மேசைகள் சாப்பிடவும் எழுதவும் செய்யப்பட்டவை. இன்று ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குக் கை மாறுகின்றன. 1973-இல் நெல்சன் ராக்பெல்லர் தன் ஜப்பானியப் பாணி மாளிகைக்கு 200 உருப்படிகள் செய்யச் சொன்னார். தொடக்கத்தில் அவரிடம் வாங்கியவர்களில் நடுத்தரக் குடும்பங்கள் நிறைய என்பதும், பட்டறையைத் தொழிற்சாலையாக்க அவர் மறுத்தார் என்பதும் அவருக்குச் சாதகமான உண்மைகள். ஆனால் ஒரே ஒரு மரத்தின் ஒரே ஒரு பலகை என்ற கொள்கையே விலையை உள்ளே வைத்திருக்கிறது. அதே மாதிரி இன்னொன்று செய்ய முடியாது என்பது அதன் பெருமை. அதே மாதிரி இன்னொன்று செய்ய முடியாது என்பதே ஒரு சமூகத்துக்கு அது பயன்படாமல் போகும் காரணமும். சென்னையிலும் பெங்களூரிலும் இன்று இயற்கை ஓரப் பலகையின் நடுவே நீல நிறப் பிசின் ஊற்றி விற்கிறார்களே, அந்த மேசைகளுக்கு நகாஷிமா பொறுப்பில்லை. ஆனாலும் அவர் திறந்துவிட்ட வழியில்தான் அவை வந்தன.

எதிர்க்கட்சியின் வாதங்களில் வலுவானவை இரண்டு. முதலாவது, 1960-இல் வந்த கோனாய்ட் நாற்காலி. நாலு கால் இல்லை. இரண்டே கால்கள், அடியில் தரையை ஒட்டி ஓடும் இரண்டு கட்டைகள், இருக்கை முன்னோக்கி அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. ஆளைத் தாங்காது என்று சொன்னவர்கள் உண்டு, தாங்குகிறது. பலகையின் ஓரமோ கணுவோ இதில் பேசவில்லை, பாரம் எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்பது பேசுகிறது. கட்டடக் கலைஞர் நகாஷிமா திரும்பி வந்து செய்த நாற்காலி இது என்றே படுகிறது. அதே காலத்தில் நியூ ஹோப் வளாகத்தில் அலையலையாக வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரையோடு ஸ்டூடியோவையும் அவர் கட்டினார். நாற்காலியின் பெயரே அந்தக் கூரை வடிவத்திலிருந்து வந்தது. ஆக இந்தச் சான்று எனக்கு எதிராக நிற்கவில்லை. அவர் கட்டடத்தோடு சேர்த்து யோசித்த இடங்களில்தான் சாமானும் கூர்மை பெறுகிறது.

இரண்டாவது வாதம் கடினமானது. கோல்கொண்டை மட்டும் உயர்த்துவது சுலபமா? அதன் குறைகளையும் எடை போட வேண்டாமா? வேண்டும். அந்தப் புகழ்பெற்ற பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்டால் ஆனவை. அந்தப் பொருளின் கேடு இன்று உலகுக்குத் தெரியும். நிஜாமின் பணமும் சாதகர்களின் கூலியில்லா உழைப்பும் இல்லாமல் அந்த நேர்த்தி சாத்தியமில்லை. ஒவ்வொரு கருவிக்கும் கணக்கு வைத்து, அவசரமே இல்லாமல் கட்டினார்கள். பொதுப்பணித் துறையின் ஒப்பந்தக்காரர் யாரும் அப்படிக் கட்ட முடியாது. நினைத்த மாத்திரத்தில் உள்ளே போய்ப் பார்க்கும் இடமும் அல்ல. எல்லாவற்றையும்விட, அதற்கு வாரிசு இல்லை. நாகப்பட்டினத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் பிறகு எழுந்த அரசு அலுவலகங்கள், பள்ளிக்கூடங்கள், தொகுப்பு வீடுகள் எதிலும் அதன் பாடம் ஒரு வரிகூட இறங்கவில்லை. வெயிலை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் தட்டைத் தளம், அதன் கீழே சின்ன ஜன்னல், அதற்கு மேலே ஒரு முழ அகலச் சிமென்ட் நிழல்பலகை. இதுதான் டெல்டாவின் நவீன வீடு. முற்றத்தையும் இழந்தோம், கோல்கொண்டையும் கற்கவில்லை.

இந்தக் குற்றச்சாட்டை ஏற்கிறேன், ஆனால் அது கட்டடத்தின்மேல் விழுவதில்லை. பட்டைகளை ஆஸ்பெஸ்டாஸில்தான் செய்ய வேண்டும் என்று விதி இல்லை. மரத்தில் செய்யலாம், மூங்கிலில் செய்யலாம், சுட்ட மண்ணில் செய்யலாம். ஒற்றை வரிசை அறை, குறுக்கே ஓடும் காற்று, இரட்டைக் கூரை, மழையிலும் மூடாத சுவர் என்ற நாலையும் எந்த மேஸ்திரிக்கும் ஒரு மாலைப்பொழுதில் விளக்கிவிடலாம். கோல்கொண்டின் சிந்தனையைத் திருப்பிச் செய்யலாம் என்பதே நியூ ஹோப் மேசையிலிருந்து அதைப் பிரிக்கிறது. செய்யாதது நம் அரசும் நம் கல்லூரிகளும் நம் பொறியாளர்களும். நகாஷிமாவும் தன் பங்குக்கு இன்னொரு முறை வந்தார்: 1964-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தங்கி, அங்கே செய்வதற்காகச் சாமான்களை வடிவமைத்துக் கொடுத்தார். அதே ஆண்டில் ஜப்பானின் தகமட்சுவில் உள்ளூர்க் கைவினைஞர்களோடு கைகோத்தார். அங்கே சகுரா பட்டறை அவருடைய வடிவங்களை இன்றும் செய்துகொண்டிருக்கிறது. அகமதாபாத்தில் அந்தத் தொடர்ச்சி நிற்கவில்லை. தகமட்சுவில் வடிவத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக ஒரு பட்டறையும் கைத்தொழில் மரபும் காத்திருந்தன. நம்மிடமும் அவை இருந்தன, ஆனால் கும்பகோணத்து ஆசாரியையும் அகமதாபாத்து மாணவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க யாரும் முயலவில்லை.

கடைசி ஆண்டுகளில் அவர் சமாதான மேசைகள் என்ற திட்டத்தில் இறங்கினார். கண்டத்துக்கு ஒன்று வீதம், பிரம்மாண்டமான வால்நட் பலகைகளில். முதலாவது 1986-இல் நியூயார்க் தேவாலயம் ஒன்றில் வைக்கப்பட்டது. 1990-இல் அவர் இறந்த பிறகு, ஆசியாவுக்கான மேசை 1996-இல் ஆரோவில்லுக்கு வந்தது. நோக்கத்தின் தூய்மையைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் ஒரு பலகை தன் அளவாலும் அழகாலும் மட்டும் சமாதானம் பேசிவிடும் என்ற நம்பிக்கை, மரத்தின் ஆன்மா என்ற அந்தப் பழைய வாதத்தின் உச்சம். அதனாலேயே அதன் பலவீனமும் இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஐம்பது பேர் படுத்து எழுந்து படித்துக் காற்று வாங்கும் கோல்கொண்டின் அறைகளில், அவர் பெயர் எங்கும் பொறிக்காத சின்னத் தேக்கு நாற்காலிகள் இருக்கின்றன. அவர் தன் சாமான்களில் வழக்கமாகக் கையெழுத்திடத் தொடங்கியதே வயதான காலத்தில்தான்.

என் தீர்ப்பு இது. நகாஷிமாவின் வேலைகளில் முதல் இடம் கோல்கொண்டின் நடுவேலைக்கும் அதன் சாமான்களுக்கும். இரண்டாவது இடம் கோனாய்ட் நாற்காலிக்கும் அந்த ஸ்டூடியோவுக்கும். உலகம் அவரைக் கொண்டாடுகிற பெரிய பலகை மேசைகள் மூன்றாவதாகத்தான் வரும். அவை மகத்தான தச்சுவேலை, ஆனால் வடிவமைப்பாக முன்னவை இரண்டுக்கும் கீழே. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை ஏறி, டெல்டாவின் தெற்குப் பகுதியில் தென்னையோடு பலா, மா, தேக்கு என்று வளர்ந்த மரங்களையெல்லாம் சாய்த்தபோது, விழுந்த மரத்தை விறகு விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சாய்ந்த மரத்துக்கு இன்னொரு வாழ்வு உண்டு என்ற நியூ ஹோப்பின் பாடம் அன்று நமக்குத் தேவைப்பட்டது. கூரை போன வீடுகளைத் திருப்பிக் கட்டியபோது கோல்கொண்டின் பாடம் அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. அந்த நாற்காலிகளின் அளவுகளும் அந்தத் தள்ளுகதவின் கழுந்து விவரமும் தமிழில், அளவுப் படங்களோடு, திருவாரூர்த் தச்சர் ஒருவர் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளும்படி அச்சாக வேண்டும். தேர் செய்யத் தெரிந்த ஊர் அது; மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.